ராஜப்பாவின் லாகின்

"டைரக்டர் - டிஜிட்டல்" என்று பித்தளைப் பலகை செய்து கதவில் மாட்டிக்கொண்ட பிறகுதான், இந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் எத்தனை இருக்கிறது என்று பிரதாப் விசாரித்தான். இருபத்தாறு, அதில் ஓடுவது பத்தொன்பது, அத்தனைக்கும் சேர்த்து மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்வர் என்று லவினா சொன்னாள். "எல்லாத்தையும் கிளவுடுக்குக் கொண்டுபோயிடலாம்" என்றான். மழை தூறினாலே ஆஸ்பத்திரியில் இன்டர்நெட் படுத்துவிடும் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு மீட்டிங் போடுவான்.

தங்கச் சுரங்கம் ஓடி மூடிய சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் டிரஸ்ட் ஆஸ்பத்திரி அது. பெயர் எதற்கு? டிரஸ்டின் செயலாளர் சௌந்தரராஜன், எழுபத்தொரு வயது. அவருடைய மருமகன்தான் பிரதாப். பெங்களூரில் மூன்று கம்பெனி மாறி, மூன்றிலும் அவன் போனதை யாரும் கவனிக்காமல், கடைசியில் மாமனார் வீட்டு நிழலுக்கு வந்து சேர்ந்தவன். லவினா அந்த ஆஸ்பத்திரியின் சிஸ்டம் அட்மின். பெயர்தான் பெரிது, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பதிலிருந்து சர்வரைக் காப்பது வரை எல்லாம் அவள் ஒருத்தியே. எட்டு வருஷம் விடியற்காலை ரயிலில் நின்றபடியே பெங்களூர் போய்வந்து, முழங்கால் போதும் என்று சொன்ன பிறகு இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. மறுபடி அந்த ரயில் ஏறுவதைவிட பிரதாப்பைச் சகித்துக்கொள்வது மேல் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்கு சரிதானா என்ற சந்தேகம் வாரத்துக்கு இரண்டு முறை வரும்.

உண்மையைச் சொன்னால் லவினாவுக்கு யாரைப் பார்த்தாலும் இளக்காரம்தான். டாக்டர்கள் பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டிவைக்கிறார்கள் என்று ஒரு இளக்காரம், நர்ஸ்கள் மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஒரு இளக்காரம். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சர்வரில் இருக்கும் பயனர் கணக்குகளைப் பட்டியல் எடுத்துப் பார்த்தபோது வந்தது இளக்காரம் அல்ல, தலைசுற்றல். நாற்பத்து மூன்று கணக்கு. அதில் இருபது பேர் ரிடையர் ஆனவர்கள் அல்லது செத்தவர்கள். அந்த இருபது பேரும் தினமும் காலையில் ஒழுங்காக லாகின் செய்து கொண்டிருந்தார்கள்.

விசாரித்தால் விஷயம் புரிந்தது. சுரங்கம் ஓடிய நாளில் அப்பன் ஷாஃப்டில் அடிபட்டாலோ, நெஞ்சில் தூசி அடைத்துப் படுத்தாலோ, அந்த இடத்துக்கு மகன் வருவான். சுரங்கம் மூடி இருபத்து நாலு வருஷம் ஆகிறது. வழக்கத்தை மட்டும் யாரும் மூடவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் போனால் அதே வீட்டிலிருந்து இன்னொரு ஆள் வருவார். நாற்காலி, மேசைச் சாவி, டிபன் வைக்கிற அலமாரித் தட்டு, இவற்றோடு லாகினும் பாஸ்வேர்டும் கைமாறும். சர்வரைக் கேட்டால் மருந்து கொடுக்குமிடத்தில் தாயம்மா உட்கார்ந்திருக்கிறாள். நேரில் போய்ப் பார்த்தால் மீசை வைத்த அவள் மகன் மனோகர் உட்கார்ந்திருக்கிறான். ஒரு லாகினைப் பிதுரார்ஜித சொத்தாக்கிய ஊர் உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும் என்று லவினா வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சிரித்ததோடு நிற்காமல் எல்லாருக்கும் அவரவர் பெயரில் புதுக் கணக்கு திறந்து, சீட்டில் எழுதி மேசை மேசையாகக் கொடுத்தாள். ஒருத்தரும் தொடவில்லை. "பழசுதான் கைக்கு வருது மேடம்" என்றார்கள். எக்ஸ்ரே ரூமில் உட்கார்ந்திருந்த லதா மட்டும் சீட்டைக் கையிலேயே வாங்கவில்லை.

"வேணாம்க்கா. எங்கப்பா பேரு அது. ராஜப்பான்னு அடிச்சாதான் எனக்கு இங்க எடம்."

"உங்கப்பா போயிட்டாரு லதா. நீ உயிரோட கீறே. கம்ப்யூட்டருக்கு அது தெரிய வேணாமா?"

"செகரட்ரி பெரிய சாரு இன்னா சொன்னாருன்னா, 'உங்கப்பன் பேர்லியே உக்காந்துகினு இரும்மா, லெட்டரு பின்னாடி வரும்'னாரு. லெட்டரு வரட்டும்க்கா. அப்பறம் மாத்திக்கலாம்."

அந்த லெட்டர் ஒன்பது வருஷமாக வந்துகொண்டே இருந்தது. ராஜப்பா சுரங்கம் மூடியதும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, எக்ஸ்ரே பதிவுகளைப் பார்த்துக்கொண்டவர். 2016-ல் அவருடைய நுரையீரலே ஒரு எக்ஸ்ரே பதிவாகி முடிந்தது. இரண்டு மாதம் கழித்து மகள் லதா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் எப்படியோ ஊழியர் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது. லதாவுக்கு ஏறவில்லை. மாதா மாதம் வவுச்சரில் "எக்ஸ்ரே பிரிவு உதவி" என்று எழுதிச் சம்பளம் கொடுப்பார்கள், பெயர் இருக்காது. அவள் அங்கே வேலை செய்கிறாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே தடயம், செத்துப்போன ஒருவருடைய லாகின். இவ்வளவு மக்காக ஒரு பெண் இருப்பாளா என்று லவினாவுக்கு எரிச்சலாக வந்தது. வாயைத் திறந்து ஒரு தடவை சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் லெட்டர் வந்திருக்காதா? கேட்காதவளுக்காகத் தான் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

இந்த நிலையில்தான் தரச் சான்று கொடுக்கிற குழு பெங்களூரிலிருந்து சோதனைக்கு வருகிறது என்று கடிதம் வந்தது. கேட்டிருந்த முப்பது கேள்விகளில் ஒன்று: சர்வரில் இருக்கும் பயனர்கள் எல்லாரும் ஊழியர்கள்தானா?

பிரதாப் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டான். மற்ற இருபத்தொன்பதும் புரியவில்லையோ என்னவோ.

"கோஸ்ட் யூசர்ஸ்!" என்று மேசையைத் தட்டினான். "லவினா, பதிவேட்டுல இல்லாத பேரு ஒன்னு கூட சர்வர்ல இருக்கக் கூடாது. எல்லாத்தையும் அடிச்சுத் தூக்கிடலாம். அதுவும் டீம் முன்னாடியே, லைவ்வா. நானே பண்றேன்."

"சார், பேரு பழசா இருந்தாலும் அதுல வேலை செய்யற ஆளுங்க இருக்காங்க. பேரை மட்டும் மாத்தலாம். கணக்கோட நம்பர் அப்படியே இருக்கும், ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு வரி கமாண்டு. அரை நாள் குடுங்க, முடிச்சிடறேன்."

"மத்தவங்களுக்குத்தான் புதுசு திறந்து வெச்சிருக்கீங்களே, அதுல வந்து உக்காரட்டும்."

"லதாவுக்கு?"

"யாரு லதா?" என்றான் பிரதாப். அவனுக்கு நன்றாகத் தெரியும். போன வாரம்தான் எக்ஸ்ரே ரூமுக்கு ஒரு ஏஜென்சியிடம் ஆள் கேட்டு மெயில் அனுப்பியிருந்தான். அந்த மெயில் போகவில்லை என்று லவினாவைக் கூப்பிட்டுத்தான் சரிசெய்துகொண்டான். "பதிவேட்டுல லதான்னு ஒரு ஸ்டாஃபே கிடையாது. ராஜப்பா செத்து ஒம்போது வருஷம் ஆச்சு. ரெண்டும் இல்லேன்னா அங்க யாரும் இல்லேன்னுதானே அர்த்தம்? சிம்பிள்."

அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து லவினாவுக்குக் கை பரபரத்தது. எதிரில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள், ரயிலை நினைத்துக்கொண்டாள், எழுந்து வந்தாள்.

அன்று சாயங்காலம், வெளிநோயாளிகள் எல்லாம் போன பிறகு எக்ஸ்ரே ரூமுக்குப் போனாள். லதா அன்றைய ஃபிலிம்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தை லவினா மழுப்பாமல் சொன்னாள். நாளைக்கு ராஜப்பாவை அழிக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு நீ இங்கே இருந்ததற்கு அடையாளமே இருக்காது.

லதா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். லதா உறையின் வாயை மடித்து ஒட்டினாள்.

"நான் டெய்லி வந்தது அந்தப் பொட்டிக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். யாரு எப்ப உள்ள வந்தாங்க, எப்ப போனாங்க, எல்லாம் எழுதி வெச்சிருக்கும்."

"காட்டுங்க."

மாடிப்படிக்குக் கீழே போய் லவினா கறுப்புத் திரையில் ஒரு கமாண்டு அடித்தாள். `last rajappa`. இன்றைய தேதி மேலே, பழைய தேதிகள் கீழே என்று வரி வரியாக ஓடியது. பழைய பதிவுகளைத் துடைத்துப் போடுகிற ஏற்பாட்டை அந்த சர்வரை நிறுவிய புண்ணியவான் மறந்திருந்தான். அதனால் எதுவும் அழியவில்லை. கீழே போகப் போக 2016 வந்தது. ஜூன் பத்தாம் தேதியோடு அசல் ராஜப்பா நின்றுவிட்டிருந்தார். பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றுமில்லை. ஆகஸ்ட் இருபத்திரண்டு, திங்கட்கிழமை, காலை எட்டு ஐம்பத்திரண்டு மணிக்குச் செத்த ராஜப்பா வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"அதுதான் நானு" என்றாள் லதா, திரையை விரலால் தொட்டு. "அன்னிக்கு மொத மொதலா வந்தேன். அப்பாவோட செருப்ப மாட்டிக்கினு வந்தேன்." விரல் அங்கிருந்து மேல் வரிகளுக்கு ஏறியது. "அத்த எனக்குப் பேப்பர்ல குடுங்கக்கா."

லவினா மாட்டேன் என்றாள். சர்வர் பதிவுகள் வெளியே போகக் கூடாது, விதி இருக்கிறது, தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்றாள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. ஒன்பது வருஷம் வாயைத் திறக்காத மக்கு என்று யாரை நினைத்தாளோ அவள் இப்போது நேராகக் கேட்கிறாள். எல்லாம் தெரிந்த தான் விதியின் பின்னால் போய் ஒளிகிறாள். வெட்கமாக இருந்தது.

"சரி, ஒன்னு செய்" என்றாள், வெட்கத்தை மூடுவதற்காகக் கொஞ்சம் அதட்டலாக. "நாளைக்கு எல்லாரையும் வாசல்ல பூங்கொத்தோட நிக்கச் சொல்வாங்க. நீ போகாத. காலையிலேயே லாகின் பண்ணிட்டு உக்காரு. யாரு கூப்டாலும் லாகவுட் பண்ணாத. ஆளு உள்ள இருக்கற கணக்கை அழிக்க முடியாதுன்னு மிஷின் சொல்லும்."

லதா போன பிறகு, அழியப் போகிற கணக்குகளின் ஃபைல்களை எல்லாம் தனி டிஸ்கில் நகல் எடுத்துவைத்தாள். ஒரே ஒரு கணக்கைத் தவிர. அந்தக் கணக்கின் ஃபைல்கள் ரகசியம், எந்த நகலிலும் சேர்க்கக் கூடாது என்று பிரதாப் எழுத்துமூலமாகவே உத்தரவு போட்டிருந்தான். மேலிடத்து உத்தரவை மீற அவள் யார்?

மறுநாள் காலை குழு வந்து இறங்கியது. இரண்டு பேர். தலைமை டாக்டர் பாக்யலட்சுமி. ஐம்பது வயதுக்கு மேல், கழுத்தில் கண்ணாடி தொங்க, யார் பேசினாலும் எழுதிக்கொண்டே கேட்கிறவர். கன்னட வாடை அடிக்கிற தமிழ். ஆஸ்பத்திரியில் உள்ள அத்தனை பேரும் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள், எக்ஸ்ரே ரூமில் ஒருத்தியைத் தவிர.

கான்ஃபரன்ஸ் ஹாலில் சர்வரின் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். முன் வரிசையில் மாமனார் சௌந்தரராஜன், பட்டுக் கரை வேட்டியில். பிரதாப் கோட்டு போட்டுக்கொண்டு கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தான். ஊழியர் பதிவேட்டையும் சர்வர் பட்டியலையும் ஒப்பிட்டு, பதிவேட்டில் இல்லாதவர்களை அழிக்கிற பதினோரு வரி ஸ்கிரிப்ட் ஒன்றை ஏதோ சாட்பாட்டிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தான். "நானே டெவலப் பண்ண டூல்" என்று அறிமுகப்படுத்தினான். பின்னால் நின்ற லவினா இருமினாள்.

அவன் என்ட்டரைத் தட்டினான். தாயம்மா போனாள். பெயர் பெயராக மடமடவென்று போனார்கள். எல்லாரும் வாசலில் பூங்கொத்தோடு நின்றுவிட்டு நேரே ஹாலுக்கு வந்திருந்ததால் யாரும் லாகினில் இல்லை. தடை சொல்ல ஆளில்லை. பிறகு ஓட்டம் நின்று, திரையின் அடியில் இரண்டு வரி மட்டும் மிச்சம் நின்றது. ராஜப்பா என்ற பயனர் இப்போது வேலையில் இருக்கிறார், அழிக்க முடியாது என்று ஆங்கிலத்தில் முதல் வரி. இரண்டாவது வரியும் அதே வாசகம்தான், பெயர் மட்டும் வேறு.

டாக்டர் பாக்யலட்சுமி கண்ணாடியை எடுத்து மாட்டினார். "ராஜப்பான்னா யாரு?"

"டெத் கேஸ் மேடம். ஒம்போது வருஷம் முன்னாடி எக்ஸ்பயர்டு."

"செத்தவர் இப்போ வேலையில இருக்கார்னு போட்டிருக்குதே?"

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரதாப்பின் காது சிவந்தது. "அது... ஹேக்கர் மேடம். செத்தவங்க பேருல ஹேக்கர் யாரோ உள்ள பூந்திருக்கான். இதுக்கெல்லாம் என்கிட்ட வழி இருக்கு." ஸ்கிரிப்டைத் திறந்து, கணக்கை அதன் ஃபைல்களோடு அழிக்கிற `userdel -r` என்று இருந்த இடத்தில் `-f` என்று ஒன்றைச் சேர்த்தான். உள்ளே ஆள் இருந்தாலும் கவலைப்படாதே, கழுத்தைப் பிடித்துத் தள்ளு என்பது அதன் பொருள்.

இங்கே அந்த இரண்டாவது வரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரதாப் வேலைக்கு வந்ததும் அவன் பெயரில் லவினா ஒரு கணக்கு திறந்து கொடுத்தாள். அவன் அதைத் தொட்டதே இல்லை. மாமனாரின் கணக்கில் எல்லாக் கதவும் திறக்கும், அதனால் அதையே வாங்கிக்கொண்டான். ஊராரின் பரம்பரை லாகின்களை ஒழிக்கக் கோட்டு போட்டுக்கொண்டு வந்த மனிதன், இரண்டு வருஷமாக மாமனாரின் லாகினில் உட்கார்ந்திருந்தான். செயலாளர் சம்பளம் வாங்குகிற ஊழியர் இல்லை; ஆகவே பதிவேட்டில் சௌந்தரராஜன் என்ற பெயரும் இல்லை.

லவினா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "சார், ரெண்டாவது வரியை ஒரு தரம் படிச்சிடுங்க."

"குறுக்க பேசாதீங்க லவினா. டெமோ போயிட்டு இருக்கு."

ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. சாட்சிக்கு ஹாலில் நாற்பது பேர். லவினா பின்னுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு மாதிரி மனசு நிறைந்து அவள் யாருக்கும் கீழ்ப்படிந்ததில்லை.

என்ட்டர். இந்தத் தடவை ஒரு முணுமுணுப்பும் இல்லை. "கிளீன்!" என்று பிரதாப் திரும்பிக் கையை விரித்தான். மிச்சம் இருக்கிற பட்டியலைக் காட்டுகிறேன் என்று அடுத்த கமாண்டை அடித்தான். சுவரில், அவன் தலைக்கு மேலே, பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது: `sudo: you do not exist in the passwd database`.

டாக்டர் பாக்யலட்சுமி நிதானமாக அதைத் தமிழில் சொன்னார். "நீங்க பட்டியல்லயே இல்லைன்னு சொல்லுது."

மறுபடி அடித்தான். மறுபடி அதையே சொன்னது. மெஷின் ஹேங் என்றான், கேபிள் என்றான், லவினாவை முறைத்தான். சரி, அது போகட்டும், பிரசென்டேஷனைப் பார்க்கலாம் என்று ஃபோல்டரைத் தேடினான். ஃபோல்டர் இல்லை. ஒரு மாதம் உட்கார்ந்து செய்த எழுபத்திரண்டு ஸ்லைடும் இல்லை. அவனே அழித்த கணக்கோடு சேர்த்து அவனே அழித்திருந்தான். நகல் எங்கே என்று கேட்டபோது லவினா, அவன் கையெழுத்திட்ட உத்தரவை மரியாதையாக எடுத்து நீட்டினாள். மாமனார் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஓடிப்போய்ச் சிரித்த சிரிப்பு உள்ளே கேட்டது.

டாக்டர் பாக்யலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஹேக்கர் யாருன்னு பார்க்கணும்" என்றார்.

"எக்ஸ்ரே ரூம்ல இருக்காங்க மேடம்" என்றாள் லவினா. "வாங்க, காட்டறேன்."

லதா மானிட்டர் முன்னால் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ராஜப்பாவை அழித்ததும் அவளுடைய பதிவுத் திரை அடித்ததைச் சேமிக்க முடியாமல் நின்றுவிட்டது. எதிரே பெஞ்சில் மூன்று கிழவர்கள் நெஞ்சு ஃபிலிமுக்காக இருமியபடி காத்திருந்தார்கள். அவர்களின் பெயர்களை அவள் ஒரு நோட்டில் கையால் எழுதிவைத்திருந்தாள்.

"எத்தனை வருஷமா இங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒம்போது வருஷம் மேடம்."

"அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர்?"

"வரும்னு சொல்லிகினு கீறாங்க மேடம்."

டாக்டர் எழுதினார். எழுதி முடித்துச் சௌந்தரராஜனிடம் திரும்பி, பதிவேட்டில் இல்லாத ஒருவர் நோயாளிகளின் எக்ஸ்ரே பதிவைக் கையாள்கிறார் என்றால் சான்று கிடையாது என்றார். ஊழியர் என்றால் ஆர்டர் நகல் ஐந்து மணிக்குள் தன் கைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு லேபைப் பார்க்கப் போனார்.

ஒன்பது வருஷம் வராத லெட்டர் ஒன்றரை மணி நேரத்தில் டைப் ஆனது.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் லதா மாடிப்படிக்குக் கீழே வந்தாள். வாசலில் நின்று, "அந்தப் பேப்பரு" என்றாள், அவ்வளவுதான். கணக்கு அழிந்தாலும் யார் எப்போது வந்தார் என்ற பதிவு அழியவில்லை. அது வேறு இடத்தில் இருக்கிறது. லவினாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. கண் முன்னால் விடியற்காலை ரயில் வந்து நின்றது. ஆனால் இவளிடம் இரண்டாம் தடவை மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. லதா முதன்முதலாக வந்த நாளிலிருந்து இன்றுவரைக்கும் பிரிண்ட் கொடுத்தாள். அறுபத்தொரு பக்கம் வந்தது. பிரிண்டர் வழக்கம்போல் நடுவில் இரண்டு முறை சிக்கியது.

நாலரை மணிக்குச் செயலாளர் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். பிரதாப்பும் இருந்தான், கோட்டு இல்லாமல்.

"இன்னாம்மா, சந்தோஷம்தானே?" என்று சௌந்தரராஜன் பல்லைக் காட்டினார். "உங்கப்பனுக்குக் குடுத்த வாக்கு. இந்தா, கீழே ஒரு கையெழுத்துப் போடு. மேடம் காத்துகினு இருக்காங்க."

லதா நின்றபடியே படித்தாள். மேலிருந்து கீழே, பிறகு மறுபடி மேலிருந்து. "சேந்த தேதின்னு இன்னிக்குப் போட்டிருக்குது சார்."

"ஆமா. லெட்டரு இன்னிக்குத்தானே குடுக்கறோம்."

"இன்னிக்கு வந்தவளா நானு?"

"அதெல்லாம் அப்பறம் சேத்துப் பாத்துக்கலாம்மா. நீ மொதல்ல போடு."

லதா மார்போடு அணைத்திருந்த காகிதக் கட்டை மேசைமேல் வைத்தாள். பிரதாப் முதல் பக்கத்தைப் பார்த்ததும் பாய்ந்தான். "இது சர்வர் லாக்! கான்ஃபிடென்ஷியல்! இவளுக்கு யாரு குடுத்தது?"

லதா கட்டின் ஓரத்தைத் தட்டி நேராக்கினாள். அவள் சொல்ல மாட்டாள், எத்தனை முறை கேட்டாலும் சொல்ல மாட்டாள் என்று லவினாவுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றாள்.

"உன் வேலை போச்சு" என்றான் பிரதாப்.

"நாளைக்குப் பேசலாம் சார். மொதல்ல நீங்க எந்தப் பேருல லாகின் பண்ணி எனக்கு மெமோ அடிப்பீங்கன்னு முடிவு பண்ணுங்க."

சௌந்தரராஜன் மருமகனைப் பார்த்து, உட்காரு என்று கையைக் காட்டினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்; நாலு நாற்பத்தைந்து. அவருடைய முகத்தில் இருந்த வாக்கு, பாசம் எல்லாம் வடிந்துபோய், ஐம்பது வருஷமாக ஆட்களை ஏய்த்த மனிதனின் முகம் மட்டும் மிஞ்சியது. "உனக்கு இன்னாதான் வேணும்?"

"நான் வந்த தேதி சார்."

பேனாவை எடுத்தார். இன்றைய தேதியை அடித்தார். பக்கத்தில் 01.09.2016 என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, முத்திரையையும் குத்தி, காகிதத்தை அவள் பக்கம் விசிறினார். "இப்போ திருப்திதானே? எடுத்துக்கினு போ."

லவினா மூச்சு விட்டாள். ஜெயித்தாயிற்று. ஒன்பது வருஷம் திரும்ப வந்தாயிற்று. லதா இனி கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதுவிட்டு வீட்டுக்குப் போவாள் என்றுதான் நினைத்தாள். இன்னமும் அவளைப் பற்றி அப்படித்தான் நினைக்க முடிந்தது.

லதா லெட்டரைக் கையில் எடுக்கவில்லை. கட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தை மேலே வைத்து, ஒரு வரியின் அடியில் விரலை வைத்துச் செயலாளர் பக்கம் நகர்த்தினாள்.

"ஆகஸ்ட் இருவத்திரண்டு சார்" என்றாள். "பத்து நாள் கொறையுது."